எழுந்திருக்காத பூத் ஏஜென்ட்

மெஷினைச் சோதித்துப் பார்க்க, காலை ஐந்தரைக்கே ஏஜென்டுகளை உள்ளே கூப்பிட்டுவிடுவார்கள். அப்போது வந்து உட்காருகிறவர்தான். மாலையில் ஓட்டெடுப்பு முடிந்து, சீல் வைத்து, கையெழுத்து வாங்கும்வரை அந்த அம்மாள் எழுந்திருக்க மாட்டார். சாப்பிடவும் எழுந்திருக்க மாட்டார். கால் மரத்துப்போனால் உட்கார்ந்தபடியே பாதத்தைத் தரையில் தேய்த்துக்கொள்வார். எங்களைப் போன்ற பெரிய கட்சிக்காரர்களுக்கு மாற்று ஏஜென்டுகள் இருந்தார்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் வெளியே போய் டீ குடித்துவிட்டு, ஒரு சிகரெட்டும் பிடித்துவிட்டு வருவோம். அவர் கட்சிக்கு எங்கள் ஊரில் அவர் ஒருவர்தான்.

மரக்காணத்துக்கும் கூனிமேட்டுக்கும் நடுவில், பெரிய ரோட்டிலிருந்து மேற்கே இறங்கினால் எங்கள் ஊர். ஊரைத் தாண்டிக் காலனி. காலனியைத் தாண்டி உப்பளம். ஊருக்கும் காலனிக்கும் சேர்த்து ஒரே வாக்குச்சாவடி, எங்கள் தெரு நடுநிலைப் பள்ளியில். அங்கே ஒரே பெஞ்சில் அவருக்குப் பக்கத்தில் நாலு சட்டமன்றத் தேர்தல்களில் நான் உட்கார்ந்திருக்கிறேன். அவர் கட்சி வேறு, என் கட்சி வேறு. அவர் பெயரை எழுதப்போவதில்லை. அவர் மகள் இன்னும் இருக்கிறாள்.

எப்படி இப்படி உட்கார முடிகிறது என்று முதல் தேர்தலில் கேட்டேன். அவர் அதை ஒரு திறமையாகவே நினைக்கவில்லை. அளத்து வேலைக்குப் போகிற பெண்கள் எல்லோரும் அப்படித்தான் என்றார். விடிவதற்கு முன் இறங்கினால் வெயில் உச்சிக்கு வரும்வரை உப்புக் கூடையைத் தலையில் சுமந்து கொட்ட வேண்டும். கண்ணுக்கு எட்டின தூரம் வெள்ளைத் தரை. ஒரு புதர் கிடையாது, ஒரு சுவர் கிடையாது. ஆண்கள் வரப்பு ஓரமாகத் திரும்பி நின்றுகொள்வார்கள். பெண்கள் அடக்கிக்கொள்வார்கள். அதற்காகத் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். தேர்தல் நாளைக்கும் அதே வழிதான். முந்தின நாள் சாயங்காலத்தோடு தண்ணீரை நிறுத்திவிட்டு, நாக்கு காயாமலிருக்க ஒரு சின்னப் புளி உருண்டையை முந்தானையில் முடிந்துகொண்டு வந்துவிடுவார்.

"பழகிப்போச்சு தம்பி. இங்க நெழல் வேற இருக்குது," என்றார்.

நான் அவரை அக்கா என்று கூப்பிட்டேன். பூத்துக்குள் மட்டும். வெளியே எங்கள் ஊர் ஆட்கள் காலனிப் பெண்களை அப்படிக் கூப்பிட மாட்டார்கள். என் சித்தப்பாவின் அளத்தில்தான் அவரும் அவர் வீட்டுக்காரரும் வேலை செய்தார்கள். நான் அதே அளத்தில் எடை மேடைக் கணக்குப்பிள்ளை. தினமும் பத்துதரம் எதிரெதிரே போவோம் வருவோம். நான் அவரை எப்படியும் கூப்பிட மாட்டேன். அவரும் என்னைப் பார்க்காதவர் போலப் போவார். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்ச் என்பதால், வேறு வழியில்லாமல், ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை நாங்கள் மனிதர்களாகப் பேசிக்கொண்டோம்.

அவர் ஏஜென்ட் ஆன கதையை ஒரு மத்தியான வேளையில், ஓட்டுப் போட ஆள் வராத நேரத்தில் சொன்னார். கல்யாணமாகி வந்த புதிதில் முதல் ஓட்டு. மஞ்சள் புடவை கட்டி, தலை நிறைய கனகாம்பரம் வைத்து, காலனிப் பெண்களோடு வரிசையில் நின்றிருக்கிறார். இவர் முறை வந்தபோது, உன் ஓட்டைப் போட்டாயிற்று போ என்று சொல்லிவிட்டார்கள். யார் போட்டது என்று கேட்டிருக்கிறார். நீதான் போட்டாய் என்றார்களாம். இவருக்கு முன்னால் நின்ற பெண்ணுக்கும் அதே பதில், பின்னால் நின்றவளுக்கும் அதே பதில். மற்றவர்கள் திரும்பிப் போய் மறுநாள் வேலையைப் பார்த்தார்கள். காலனி ஓட்டு என்றால் ஊர்க்காரர்கள் போடுவது என்று அவர்களுக்கு முன்பே தெரியும். இவருக்குத் தெரியாது. உப்பளத் தொழிலாளர்களுக்குச் சங்கம் நடத்திவந்த ஒரு சின்னக் கட்சியைத் தேடிப்போய், அடுத்த தேர்தலில் என்னை உள்ளே உட்கார வையுங்கள் என்று கேட்டிருக்கிறார். அந்தக் கட்சிக்கு எங்கள் பக்கம் உட்கார ஆளே இல்லை. உடனே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்கள்.

நான் உட்கார்ந்த முதல் தேர்தலில், காலையிலேயே எங்கள் ஆள் ஒருவன் காலனிக்காரர் ஒருவருடைய பூத் சீட்டோடு வந்தான். அதிகாரி பெயரை வாசித்தார். நாங்கள் எல்லோரும் குனிந்துகொண்டோம். இவர் மட்டும், "அது எங்க பெரியப்பா மவன் பேரு சார். அவரு செத்து ஆறு மாசமாவுது," என்றார். குரலை உயர்த்தவில்லை. ஆட்சேபணை செய்தால் இரண்டு ரூபாய் கட்ட வேண்டும் என்று அதிகாரி சொன்னார். அது சட்டம்தான் என்றாலும், அவர் எடுத்துச் சொன்ன விதத்தில் ஒரு மிரட்டல் இருந்தது. இவர் முந்தானை முடிச்சை அவிழ்த்தார். புளியோடு சேர்த்து இரண்டு ஒரு ரூபாய்க் காசுகளை முடிந்துகொண்டு வந்திருந்தார். காசில் ஒட்டியிருந்த புளியைத் துடைத்து மேசைமேல் வைத்தார். எங்கள் ஆள் வந்த வழியே போய்விட்டான். அதற்குப்பிறகு அன்றைக்கு வேறு யாரும் வரவில்லை.

அடுத்த தேர்தலில் அவருடைய சொந்தத் தங்கை மகனே வந்தான். அவனுடைய அண்ணன் கேரளாவுக்கு வேலைக்குப் போயிருந்தான். அவன் ஓட்டை இவன் போட வந்தான். போட்டால் அது இவருடைய சின்னத்துக்குத்தான் விழும். அவன் உள்ளே நுழையும்போதே பெரியம்மாவைப் பார்த்துச் சிரித்தான். இவர் அதிகாரியிடம், "இவன் சின்னவன் சார். இது பெரியவன் சீட்டு," என்று சொல்லிவிட்டார். அந்தக் குடும்பம் இரண்டு வருஷம் இவரோடு பேசவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். எங்கள் பெஞ்சில் அன்றைக்கு எல்லோரும் சிரித்தோம். அதை வெளியே போய்ச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். எனக்கு மட்டும் உள்ளே கொஞ்சம் பயமாக இருந்தது.

எங்கள் தொகுதியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அப்பா காலத்திலிருந்து எங்கள் ஊர் ஒரு பெரிய தொகுதியின் வாலாக இருந்தது. தலை மேற்கே, நெல்லும் கரும்பும் விளைகிற கிராமங்களில். ஓட்டு அங்கேதான் அதிகம். ஜெயித்தவர்கள் எல்லோரும் அந்தப் பக்கத்து ஆட்கள். எந்தக் கட்சி வென்றாலும் எம்எல்ஏ கடற்கரைக்கு வருவது இரண்டு காரியத்துக்குத்தான், ஓட்டுக் கேட்கவும் புயலுக்குப் பிறகும். அப்புறம் தொகுதிகளை மாற்றி வரைந்தார்கள். எங்கள் ஊரை வெட்டித் தெற்கே, பாண்டிச்சேரி எல்லையோரம் போகிற தொகுதியில் சேர்த்தார்கள். அங்கே புதிது புதிதாக மனைப்பிரிவுகள், மாடி வீடுகள். தலை இடம் மாறியதே தவிர, நாங்கள் வாலாகவே இருந்தோம். ஆனால் ஒரு வித்தியாசம் இருந்தது. அது தனித் தொகுதி.

அந்தத் தேர்தலில்தான் அந்த அம்மாள் முகத்தில் நான் ஒரு வெளிச்சத்தைப் பார்த்தேன். அவர் கட்சி நிறுத்தியவர் எங்கள் கரையைச் சேர்ந்தவர். உப்புச் சுமந்த குடும்பம். அளத்தில் ஒரு கொட்டகை, பெண்களுக்கு ஒரு கழிப்பறை, ஒரு தண்ணீர்த் தொட்டி என்று ஒரு மனு எழுதி, காலனிப் பெண்களிடம் கைநாட்டும் கையெழுத்தும் வாங்கி, இவர் எல்லா வேட்பாளர்களிடமும் கொடுத்தார். எங்கள் வேட்பாளரிடமும்தான். எங்கள் வேட்பாளர் எங்கோ தூரத்து ஆள். ஊர்ப் பெரியவர்கள் சொன்னபடி கேட்பார் என்று பார்த்துப் பொறுக்கி நிறுத்தியிருந்தார்கள். அவர் மனுவை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

சித்தப்பாதான் எங்கள் கிளைச் செயலாளர். அந்தத் தேர்தல் மத்தியானம் என்னைப் பள்ளிக்கூடத்துக்குப் பின்பக்கம் கூப்பிட்டார். காலனியில் வெளியூர் போனவர்களின் சீட்டு இருபது அவரிடம் இருந்தது. அவள் இருக்கும்வரை ஒன்றும் நடக்காது, அவளை எழுப்ப வேண்டும் என்றார். நம் வேட்பாளர் எப்படியும் ஜெயித்துவிடுவார், இந்த இருபது எதற்கு என்று கேட்டேன்.

"ஓட்டுக்காவாடா? அவ எழுந்திரிக்கிறத நான் பாக்கணும்," என்றார்.

அந்த அம்மாளுடைய மகளைக் கோட்டக்குப்பத்தில் கொடுத்திருந்தது. அப்போது அவள் நிறைமாதம். அன்று காலையில்தான் அதை என்னிடம் சொல்லியிருந்தார், பேரன் பிறந்தால் என்ன பெயர் வைப்பது என்பதுவரை. நான் உள்ளே போய், மகளுக்கு வலி கண்டுவிட்டதாம், ரத்தம் நிறைய போகிறதாம், போன் வந்தது என்றேன். எனக்கு யாரும் ரத்தத்தைச் சொல்லித்தரவில்லை. அதை நானாகச் சேர்த்தேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். எழுந்தார். வாசலில் செருப்பைக்கூடப் போடாமல் ஓடினார்.

கோட்டக்குப்பம் போய்த் திரும்பி வரும்போது மணி ஐந்து இருக்கும். பள்ளிக்கூட வாசலில் போலீஸ்காரர் அவரை விடவில்லை. நேரமாகிவிட்டது, இனி ஏஜென்ட் உள்ளே போக முடியாது என்றார். அவர் கேட்டுக்கு வெளியே நின்றார். நான் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தபோதும் அங்கேயே நின்றுகொண்டிருந்தார். என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன்.

"எத்தினி?" என்று மட்டும் கேட்டார்.

"பத்தொன்பது," என்றேன். அதையாவது உண்மையாகச் சொன்னேன்.

எங்கள் வேட்பாளர் பல ஆயிரம் ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். அதில் பத்தொன்பது எந்த மூலைக்கு. கரையிலிருந்து முதல்முதலாக நின்றவருக்கு டெபாசிட் போனது. அடுத்த தேர்தலில் அவர் நிற்கவே இல்லை.

அந்த அம்மாள் ஒருவரிடமும் நடந்ததைச் சொல்லவில்லை. கட்சிக்காரர்களிடம் வயிற்றுவலி, எழுந்துவிட்டேன் என்றாராம். மகளிடம் சும்மா பார்க்க வந்தேன் என்றாராம். ஊர்க்காரன் ஒருவன் பேச்சை நம்பி எழுந்தேன் என்று சொல்ல அவருக்கு வெட்கம். பொய் சொன்னது எனக்கும் சித்தப்பாவுக்கும் அவருக்கும் மட்டும் தெரிந்த விஷயமாகவே இருந்தது.

கொட்டகை வந்தது. எம்எல்ஏ நிதியிலிருந்து தகரக் கூரை போட்டு, ஓரத்தில் ஒரு கழிப்பறையும் கட்டி, பெயர்ப் பலகை எழுதினார்கள். வண்டி வந்து நிற்கவும் போட்டோ எடுக்கவும் வசதியாக, பெண்கள் வேலை செய்கிற இடத்திலிருந்து கால்மணி நேர நடை தூரத்தில், சித்தப்பாவின் அளத்து முகப்பில் கட்டினார்கள். தண்ணீர் இணைப்பு வரவில்லை. இரண்டு மாதத்தில் சித்தப்பா அதில் சாக்கு அடுக்கிப் பூட்டிவிட்டார். சாவி என்னிடம்தான் இருந்தது. அந்த அம்மாள் ஒருநாளும் சாவி கேட்கவில்லை.

அடுத்த தேர்தலுக்கு மறுபடி அதே இடத்தில் வந்து உட்கார்ந்தார். என்னோடு பேசவில்லை. நான் அக்கா என்று ஒருமுறை கூப்பிட்டேன். பட்டியலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவர் வீட்டுக்காரர் முதல் ஆளாக ஓட்டுப் போட்டுவிட்டு, மனைவியைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு, அளத்துக்குப் போனார். தேர்தல் நாளிலும் சித்தப்பா வேலை வைத்திருந்தார். ஓட்டுப் போட்டுவிட்டு வந்தால் போதும் என்று சொல்லியிருந்தார். உப்பு வாருகிற பருவம், கத்திரி வெயில்.

பதினொன்றரை மணிக்கு நான் வாசலில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். உப்பு ஏற்றுகிற குட்டியானை வண்டி கேட்டில் வந்து நின்றது. பின்னால் சாக்குகளின்மேல் அவர் வீட்டுக்காரர் கிடந்தார். காலெல்லாம் உப்புச் சேறு. அளத்தில் மயங்கி விழுந்திருக்கிறார். கண் திறந்திருந்தது. அவளைக் கூப்பிடு என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். கூட வந்த இரண்டு பெண்கள் கேட்டில் கெஞ்சினார்கள். ஓட்டுப் போட்டு முடித்தவர்கள் உள்ளே போகக் கூடாது என்று போலீஸ்காரர் மறித்துவிட்டு, என்னைக் காட்டி, இவர் ஏஜென்ட்தானே, இவர் போய்ச் சொல்லட்டும் என்றார்.

நான் ஓடினேன்.

"அக்கா, உங்க வூட்டுக்காரரு அளத்துல வுழுந்துட்டாரு. வண்டி கேட்டுல நிக்குது. உங்கள கூப்புடறாரு. வாங்க."

அவர் அசையவில்லை. "போன தடவ பொண்ணு," என்றார். "இந்த தடவ வூட்டுக்காரரா?"

"எம்புள்ள மேல சத்தியமா அக்கா. நானே கண்ணால பாத்துட்டு வர்றேன்."

அப்போதுதான் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். நன்றாகப் பார்த்தார்.

"போன தடவையும் உம்மூஞ்சி இப்படியேதான் இருந்துச்சு தம்பி."

தேர்தல் அதிகாரி என்ன விஷயம் என்று கேட்டார். நான் சொன்னேன். போகிறீர்களாம்மா என்று அவரைக் கேட்டார். இல்லை சார், இது இவர்கள் வழக்கம் என்றார் அந்த அம்மாள். அதிகாரி என்னை ஒரு அழுக்கைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு, வெளியே போங்கள் என்றார்.

நான் அந்தப் பெண்களில் ஒருத்தியை உள்ளே விடச் சொல்லிப் போலீஸ்காரரிடம் கேட்டிருக்கலாம். அவள் வந்து சொன்னால் நம்பியிருப்பார். அது எனக்குத் தோன்றாமல் இல்லை. கேட்டை நோக்கி நடக்கும்போதே தோன்றியது. ஆனால் அவள் உள்ளே போனால், ஏன் இந்த ஆள் சொன்னபோது நம்பவில்லை என்று கேட்பாள். அதற்கு ஒரு பதில் இருந்தது. அந்தப் பதில் அன்றைக்கே காலனி முழுக்கப் பரவும்.

"வரமாட்டேங்குது," என்றேன்.

அந்தப் பெண்கள் ஏன் என்று கேட்கவில்லை. ஒருத்தி மட்டும் பள்ளிக்கூடத்துப் பக்கம் திரும்பித் தூ என்று துப்பினாள். வண்டி கிளம்பியது. மரக்காணம் ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் அவர் போய்விட்டார்.

முக்கால் மணி நேரம் கழித்து, காலனியிலிருந்து ஓட்டுப் போட வந்த ஒருத்தி வரிசையிலிருந்தே ஓவென்று அழுதுகொண்டு உள்ளே வந்தாள். அந்த அம்மாள் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எழுந்தார். பட்டியலை மடித்து மேசைமேல் வைத்தார். பிறகு நடந்து போனார். ஓடவில்லை. ஓடுவதற்கு இனி ஒன்றும் இல்லை என்று தெரிந்துவிட்டதுபோல இருந்தது அந்த நடை.

சாயங்காலம்வரை அவருடைய இடம் காலியாக இருந்தது. ஒரு கள்ள ஓட்டுகூட விழவில்லை. யாரும் தடுக்கவில்லை, அதற்கு அவசியமே இல்லாமல் போயிருந்தது. முந்தின இரண்டு நாட்களில் சித்தப்பா காலனி வீடு வீடாக ஆள் அனுப்பி, கொடுக்க வேண்டியதைக் கொடுத்து முடித்திருந்தார். அவரவர் ஓட்டை அவரவரே வந்து எங்களுக்குப் போட்டுவிட்டுப் போனார்கள். அந்த அம்மாள் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் காவல் காத்தது அதைத்தான்.

புருஷன் சாகக் கிடந்தபோதும் எழுந்திருக்காதவள் என்று காலனியில் சொன்னார்கள். ஊரிலும் சொன்னார்கள். கட்சிப் பைத்தியம் என்றார்கள். எட்டாம் நாள் காரியத்தில் மகள் எல்லோர் முன்னாலும் கேட்டாளாம், எங்கப்பா வண்டியில் கிடந்து கூப்பிட்டாரே, அந்தப் பெஞ்சில் உனக்கு என்ன இருந்தது என்று. இவர் பதில் சொல்லவில்லையாம். மகள் அதோடு கோட்டக்குப்பம் போனவள் திரும்பி வரவில்லை. பேரனையும் காட்டவில்லை.

இவர் அளத்துக்கு வந்துகொண்டிருந்தார். கால் வீங்கத் தொடங்கியது. பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் சிறுநீரகம் சுருங்கிவிட்டது என்றார்களாம். தினமும் எவ்வளவு தண்ணீர் குடிக்கிறீர்கள் என்று டாக்டர் கேட்டதை மற்றப் பெண்கள் எடை மேடையில் நின்று ஒரு வேடிக்கைபோலச் சொன்னார்கள். பிறகு கூடை தூக்க முடியாமல் நின்றுவிட்டார்.

அதற்கடுத்த தேர்தலில் அவருடைய கட்சி எங்கள் கூட்டணிக்கு வந்துவிட்டது. எங்கள் தொகுதி எங்கள் கட்சிக்கு என்று முடிவானது. பூத்துக்கு ஒரு ஏஜென்ட் போதும், அது நான்தான். அவருக்குச் சொல்லக்கூட யாரும் போகவில்லை. காலனியில் இரண்டு வார்த்தை நமக்காகப் பேசச் சொல் என்று சித்தப்பா என்னைத்தான் அனுப்பினார். எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிஷ நடை. நாற்பத்தைந்து வயதுக்குமேல், முதல்முறையாக அந்தத் தெருவுக்குள் போனேன்.

அவர் வாசலில் முருங்கை நிழலில் பாய் போட்டுச் சாய்ந்திருந்தார். முகம் உப்பியிருந்தது. கூட்டணி விஷயத்தைச் சொன்னேன். தெரியும் என்றார். எப்படியோ தொடங்கி, அன்றைக்கு வண்டிப் பக்கத்தில் நின்று உண்மையைச் சொல்லாமல் விட்டதைச் சொன்னேன். முதல் பொய்யையும் சேர்த்தே சொன்னேன், ரத்தம் என்று நானாகச் சேர்த்ததை. அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"இப்ப ஓட்டுக்காக வந்தியா, இதுக்காக வந்தியா?"

இரண்டுக்கும்தான் என்றேன். பொய் சொல்ல முடியவில்லை.

அவர் பாயில் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு, "எங்கிட்ட சொல்லி என்னா ஆவப்போவுது. எம்பொண்ணுகிட்ட சொல்லு," என்றார். கோட்டக்குப்பத்தில் எந்தத் தெரு, எந்தப் பள்ளிவாசலைத் தாண்டி எந்த வீடு என்று அடையாளம் சொன்னார். இத்தனை வருஷமாக அவரை உள்ளே கூப்பிடாத வீட்டுக்கு வழி அவருக்கு அவ்வளவு நன்றாகத் தெரிந்திருந்தது.

மூன்று நாள் கழித்துப் போனேன். மகள் முன்னறையில் தையல் மெஷினில் இருந்தாள். நோன்புப் பெருநாளுக்குக் கொடுக்க வேண்டிய துணிகள் சுற்றிலும் குவிந்து கிடந்தன. என்னைப் பார்த்ததும் யார் என்று தெரிந்துகொண்டாள். உட்காரச் சொல்லவில்லை. நின்றபடி எல்லாவற்றையும் சொன்னேன். அவள் மெஷினை நிறுத்திவிட்டுக் கடைசிவரை கேட்டாள். உங்கம்மா மேல் தப்பில்லை, என் மேல்தான் என்று சொல்லி முடித்தேன்.

"எங்கம்மா அனுப்பிச்சாங்களா?"

"ஆமா."

"இப்ப ரெண்டு கட்சியும் ஒண்ணாயிட்டீங்க இல்ல," என்றாள். "அதான் ஒருத்தர ஒருத்தர் காப்பாத்திக்கிறீங்க."

இல்லைம்மா என்று தொடங்கினேன். அவள் காலை மிதியில் வைத்துவிட்டாள். மெஷின் சத்தத்தில் நான் பேசியது எனக்கே கேட்கவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்துவிட்டேன்.

அன்று மாலையே காலனிக்குப் போனேன். அவர் காலையிலிருந்து எதிர்பார்த்திருந்தார் என்பது தெரிந்தது. தலை சீவி, துவைத்த புடவை கட்டியிருந்தார். என்ன சொன்னாள் என்று கேட்டார். வழியெல்லாம் என்ன சொல்வதென்று யோசித்துக்கொண்டுதான் வந்தேன்.

"அழுதுச்சுக்கா. வர்றேன்னு சொல்லிச்சு," என்றேன். "புள்ளையையும் கூட்டிகிட்டு வருதாம்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். இந்தத் தடவை நம்பினார்.

எப்போது வருகிறாளாம் என்று கேட்டார். கையில் தையல் வேலை நிறைய இருக்கிறது, எலெக்‌ஷன் முடியட்டும் என்றேன்.

எலெக்‌ஷன் முடிந்தது. நாங்கள் ஜெயித்தோம். உப்புக் கூடையோடு எடை மேடைக்கு வருகிற பெண்களில் ஒருத்தி, அக்கா கேட்டு வரச் சொன்னாங்க, எப்ப வர்றாங்களாம் என்றாள். பெருநாள் முடியட்டும் என்று சொல்லி அனுப்பினேன். பெருநாள் முடிந்து இன்னொருத்தி வந்தாள். மகளோட வீட்டுக்காரருக்கு லீவு கிடைக்கவில்லையாம், ஆடியில் வருவார்கள் என்றேன். ஆடி போனது. மகள் வருவதைப் பார்ப்பதற்கு வசதியாக இருக்கட்டும் என்று அந்த அம்மாள் வாசல்பக்கம் பாயைத் திருப்பிப் போடச் சொன்னாராம். அதைச் சொன்னவளிடம், புரட்டாசி பிறக்கட்டும் என்றேன். ஒவ்வொருமுறையும் என் குரல் முன்னைவிட உறுதியாக இருந்தது. கேட்டுப் போனவர்களும் சந்தோஷமாகத்தான் போனார்கள்.

ஐப்பசியில் மழை பிடித்து அளத்தில் வேலை நின்றது. எடை மேடைக்கு யாரும் வரவில்லை. நான் தினமும் போய் வெறுமனே உட்கார்ந்திருந்தேன். பாத்திகளெல்லாம் முழுகி ஒரே தண்ணீராகக் கிடந்தது. இரண்டாவது வாரம், சாக்குக் கேட்டுக் காலனியிலிருந்து ஒரு ஆள் குடையோடு வந்தான். அக்கா வீட்டு வாசலில் பந்தல் போட முடியவில்லை, மழையில் உடம்பு நனைகிறது, மேலே விரிக்க நாலு சாக்கு வேண்டும் என்றான்.

கொட்டகையைத் திறந்து எடுத்துக் கொடுத்தேன்.